பேரின்பம் சேரின் பல உலகங்களும் பாக்கியத்தின் எமனும்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் உள்ள டியூட்டரியில் இருபத்தேழு வருடம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்தேன். தொண்டையில் முடிச்சு விழுந்து, குரல் தவளையோடு போட்டிக்குப் போனதும், ஐம்பத்தாறு வயதில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போன மாதம், என் இடத்தில் இப்போது படிப்பிக்கிற நிரோஷன் வந்தார். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்.

"சேர், மூடநம்பிக்கையை ஒழிச்சு விஞ்ஞான மனப்பான்மையை வளர்த்த அனுபவம் எண்டு ஒண்டு எழுதித் தாங்கோ. பிள்ளையள் இப்பவும் சோதனைக்கு முதல் பேனையைக் கோயில்ல வைச்சுக் கும்பிடுதுகள்."

"நீர் என்ன செய்தனீர்?"

"பல உலகக் கொள்கையைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தனான். நடக்கக்கூடியது எல்லாம் எங்கையோ ஒரு உலகத்தில நடக்குது எண்டு. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்ததுகள் சேர்."

குடித்துக்கொண்டிருந்த தேநீர் எனக்கு மூக்கால் வந்தது. அந்தக் கொள்கையை ஒருவர் இன்னொருவருக்கு விளக்கி நான் கடைசியாகக் கேட்டது யுத்த காலத்தில், அதே டியூட்டரியில். கேட்டுக்கொண்டிருந்தவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புருஷன் பிடிபட்டு ஒரு நாள் ஆகியிருந்தது. ஆகவே நிரோஷன் தம்பி, நீர் கேட்ட கட்டுரை இதுதான். மலரில் போடுவீரோ என்பது உம்முடைய பாடு.

என் பயிற்சிக்காலத்தைச் சொல்ல அதிகம் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்தேன். பல்கலைக்கழகத்தை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால் நான்கு வருடப் படிப்பை ஏழு வருடத்தில் முடித்தேன். அரசாங்க வேலை கிடைக்கவில்லை. டியூட்டரி நடத்திய பேரின்பம் சேரிடம் போய் நின்றேன். "வெண்கட்டி பிடிக்கத் தெரியுமோ?" என்றார். பிடித்துக் காட்டினேன். அவ்வளவுதான்.

பேரின்பம் சேரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கை சரியாக இரண்டு மடிப்பு. கரும்பலகையை மேலிருந்து கீழாகத்தான் அழிப்பார். பக்கவாட்டில் அழிக்கிறவனுக்கு மூளையும் பக்கவாட்டில்தான் ஓடும் என்பார். மாடியில் இரண்டு அறைகளைச் சேர்த்து ஓர் ஆய்வுகூடம் வைத்திருந்தார். கொழும்பில் வேறெந்த டியூட்டரிக்கும் இல்லாத ஆடம்பரம். அங்கே செய்முறைக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல்கள் கீறவேண்டும். எதிர்பார்த்தது, கண்டது, வழு. மூன்றாவது நிரலில் பூச்சியம் எழுதிக்கொண்டு வருகிற மாணவனை மேசைக்குக் கூப்பிடுவார். சத்தம் போடமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு, அவனுடைய கொப்பியை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கித் திருப்பிக் கொடுப்பார். "வழு இல்லாட்டி நீர் அளக்கேல்லை. கதை எழுதியிருக்கிறீர். போம், போய் அளந்துகொண்டு வாரும்." நான் கற்ற பௌதிகம் முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும்.

ஆய்வுகூட உதவியாளர் ராமையா. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து மனைவி பாக்கியத்தோடு இருந்தார். பாக்கியம் எங்கள் டியூட்டரியைக் கூட்டித் துடைத்துத் தேநீர் போடுவாள். ராமையாவுக்குத் தொய்வு. மேல்மாடிக்கு ஏறிவந்தால் இரண்டு நிமிடம் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று, சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்து வாயில் அடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழன் கொழும்பில் பௌதிகம் படிப்பிப்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. தடைக்கம்பி, உலர்மின்கலம், நிறுத்தற் கடிகாரம். இந்த மூன்றும் உயர்தரச் செய்முறைக்கு வேண்டும். இதே மூன்றும் ஒரு பையில் இருந்து, பையைத் தமிழன் ஒருவன் தூக்கிக்கொண்டு வந்தால், காவலரண் சிப்பாய்க்கு மீற்றர்ப் பாலச் செய்முறை ஞாபகத்துக்கு வராது, குண்டுதான் வரும். ஆகவே பேரின்பம் சேர் ஒரு முறை வைத்திருந்தார். சாமான் வாங்கப் போகும்போது டியூட்டரிக் கடிதத் தாளில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், என்னென்ன சாமான், எதற்கு, யார் கொண்டுவருகிறார் என்று எழுதி, முத்திரை குத்தி, கையொப்பமிட்டுத் தருவார். பை யாரிடமோ, கடிதமும் அவரிடம். இதில் விதிவிலக்கே இல்லை.

அன்று நானும் ராமையாவும் புறக்கோட்டைக்குப் போனோம். கடைக்காரருக்குக் காட்டுவதற்காகக் கடிதத்தை ராமையாவிடமிருந்து வாங்கினேன். காட்டினேன். மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு ஏதோ ஒரு பகிடியைச் சொல்லத் தொடங்கி, அதைச் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். பயம் வந்தால் எனக்குப் பகிடி வரும். பகிடி வந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும். எனக்கு முன்னால் ஓர் ஆசனம் கிடைத்தது. ராமையா பையோடு பின்னால் நின்றார்.

காலி வீதியில் பாதி வழியில் பஸ்ஸை மறித்தார்கள். "பஹின்ட, பஹின்ட." எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டையைக் கையில் எடுத்து, என் பெயரை நானே இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

ராமையாவின் பையைத் திறந்த சிப்பாய் நிறுத்தற் கடிகாரத்தை எடுத்து, தலையிலிருந்த பொத்தானை அமத்தினான். அது பழைய வகை, முறுக்கி ஓடவிடுவது. டிக், டிக், டிக் என்று ஓடத் தொடங்கியது. வரிசை முழுவதும் பின்னால் நகர்ந்தது. நான் மற்றவர்களைவிட இரண்டு அடி கூடுதலாக நகர்ந்தேன். அந்தக் கடிகாரத்தைக் கடையில் முறுக்கிப் பார்த்து வாங்கியவனே நான்தான்.

ராமையா நல்ல சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். பள்ளிக்கூடச் சாமான், கடிதம் இருக்கிறது. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் வழியே, சிப்பாய்க்குப் பக்கத்தில் நின்ற அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

"மெயாவ தன்னவாத?" இவனைத் தெரியுமா?

"தன்னே நே, மாத்தயா." தெரியாது, ஐயா.

வாழ்நாளில் நான் பிழையில்லாமல் பேசிய ஒரே சிங்கள வாக்கியம் அது. உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். ராமையா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை நிறுத்திவைத்துவிட்டு எங்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். ஏறினேன். என் ஆசனம் எனக்காகக் காலியாகவே இருந்தது. வெள்ளவத்தை வருமட்டும் சட்டைப் பையை நான் தொடவில்லை. அதற்குள் கடிதம் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

டியூட்டரியில் நான் சொன்ன கதை வேறு. ராமையா முந்தின பஸ்ஸில் வந்தார், நான் பிந்தின பஸ்ஸில் வந்தேன், வழியில் அவரைப் பிடித்துவைத்திருந்ததைக் கண்டேன்.

"லெட்டர் குடுத்தனீரோ?" என்றார் பேரின்பம் சேர்.

"ஓம் சேர், குடுத்தனான்."

அவர் இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டாவது ஆள் என்ன சொன்னாரோ தெரியாது. சேரின் முகம் வெண்கட்டியாகியது. உள்ளே போய், பழைய கடிதங்களின் காபன் பிரதிகளை எல்லாம் எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒரு பையில் போட்டுக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனார். கடிகாரமும் கம்பியும் வாங்குகிற டியூட்டரி என்று ஒரு தாளிலும் இருக்கக்கூடாதாம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த நாள் காலை பாக்கியம் வந்து அலுவலக அறைத் தரையில் உட்கார்ந்தாள். தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். அவர்கள் இன்னொன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே, அப்படி ஒருவர் இல்லை என்றிருக்கிறார்கள். பேரின்பம் சேருக்கு மனிதர் அழுவதைப் பார்க்க ஏலாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இஞ்சை பாரும் பாக்கியம். இந்தப் பிரபஞ்சம் ஒண்டில்லை. கோடிக்கணக்கில கிளை விட்டுக்கொண்டு போகுது. அந்த பஸ்ஸை மறிக்காமல் விட்ட உலகம் ஒண்டும் இருக்கு. அங்கை ராமையா இப்ப மேல கம்பி சுத்திக்கொண்டிருக்கிறார். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லேல்லை. பெரிய பெரிய ஆக்கள் கணக்குப் போட்டுச் சொன்னது."

பாக்கியம் அழுகையை நிறுத்தினாள். சேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவள் அவள்.

"அந்த ஒலகத்துக்கு எப்படிங்க சேர் போறது?"

"போக ஏலாது. அதுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை."

"கடுதாசி ஏதும் போடலாமா?"

"இல்லை, இல்லை. ஒண்டும் போகாது, ஒண்டும் வராது."

"அங்க அவரு கூட யாரு இருக்கா?"

"நீர்தான். இன்னொரு நீர்."

பாக்கியம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப அவளாவது நல்லா இருக்கட்டுங்க. எனக்கு என் ஆளு வேணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க கூட வாங்க சேர். படிச்சவங்க ஒருத்தர் நின்னா நல்லதுங்க."

எனக்கு உடனே என் உடம்பிலிருந்த நான்கு வருத்தங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நான்கையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "மெதுவா நடப்போம்ங்க" என்றாள்.

போகிற வழியில்தான் அவளுடைய திட்டத்தைச் சொன்னாள். புருஷனின் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிற எமனுக்குப் பின்னால் நடந்துபோய் உயிரைத் திருப்பி வாங்கிய பெண்ணின் கதை. தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கியில் அழ அழச் சொல்வார்களாம்.

"எல்லாரும் அதைக் கேட்டு அழுவாங்க சேர். நான் அழமாட்டேன். அவ என்ன செஞ்சான்னு பாப்பேன். புருஷனைத் தான்னு அவ கேக்கவேயில்லைங்க. கேட்டா எமன் முடியாதுன்னுடுவான். முடியாதுன்னு வாயால சொல்லிட்டா, அப்புறம் அவனே நெனைச்சாலும் மாத்த முடியாது. அதனால மாமனாருக்குக் கண்ணு குடுன்னா. அது சின்ன வேலை, குடுத்துட்டான். அப்புறம் வேற ஒண்ணு. கடைசியில புள்ளை வரம் கேட்டா. குடுத்தேன்னான். புருஷன் இல்லாம எப்படிடா புள்ளைன்னா. மாட்டிக்கிட்டான்."

"அது கதை, பாக்கியம்."

"ஆமாங்க. மூணு தடவை கேட்டுப் பாப்பேன். மூணும் நடக்கலேன்னா இந்தக் கதை பொய். வேற வழி பாக்கணும்."

நான் பௌதிக ஆசிரியன். நடுத்தெருவில் நின்றுவிட்டேன். எதிர்பார்ப்பது இன்னது, இத்தனை தடவை, இப்படி நடக்காவிட்டால் பிழை. மூன்று நிரலையும் கீறிக்கொண்டு நடந்தாள் அவள். எங்கள் சேரின் கோடி உலகங்களில் மூன்றாவது நிரல் எங்கே? ராமையா செத்தாலும் அந்தக் கொள்கை சரி, வந்தாலும் சரி, கூரையால் இறங்கி வந்தாலும் சரி.

ராமையா இல்லை என்று சொன்ன அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. அதற்குள் நின்று நான் ஆதரவு கொடுத்தேன். பாக்கியம் உள்ளே போனாள். கதவடியில் மேசை போட்டிருந்த சார்ஜனிடம் அவள் ராமையாவின் பெயரையே எடுக்கவில்லை. வெயிலாக இருக்கிறது, மதில் நிழலில் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டாள். உட்கார் என்றாராம். அது முதலாவது. நான்கு நாள் உட்கார்ந்தாள். நான் நான்கு நாளும் பேக்கரியில் பணிஸ் தின்றேன். ஜீப் வரும்போதெல்லாம் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். நான் போட்டிருந்தது செருப்பு.

ஐந்தாம் நாள், டியூட்டரியில் வாங்கிக் கொடுத்த புதுப் பம்பை எடுத்துக்கொண்டு மேசையடிக்குப் போனாள். இது மருந்து, வெயிலில் வைத்தால் பழுதாகிவிடும், மாத்தயாவின் மேசைக்குள் வைப்பீர்களா? யாருக்கு மருந்து என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு, ராமையா என்று பெயர், மூச்சு முட்டினால் இது இல்லாமல் இரண்டு மணித்தியாலம் தாங்கமாட்டார். சார்ஜன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்தார். ஏதோ ஒரு வீட்டில் அவருக்கும் மூச்சு முட்டுகிற யாரோ இருந்திருக்கலாம். அது இரண்டாவது.

ஏழாம் நாள் காலை லாச்சி வெறுமையாக இருந்ததை எட்டிப் பார்த்துவிட்டாள். மூன்றாவதைக் கேட்டாள். மருந்து வேலைசெய்கிற இடத்தில் வாங்கித் தந்தது, சேர்ப்பித்ததற்கு ஒரு துண்டு கொண்டுவராவிட்டால் வேலை போய்விடும். "ஒரு வரி எழுதித் தாங்க மாத்தயா." அவர் சலித்துக்கொண்டார். நாளைக்கு வா என்றார். நாளைக்கு வந்தாள். எழுதினார். ராமையாவுக்கு மருந்துப் பம்ப் ஒன்று கொடுக்கப்பட்டது. தேதி, முத்திரை.

அங்கே இல்லாத மனிதன் அங்கே மருந்து வாங்கியிருக்கிறான்.

பேக்கரிக்கு வந்து துண்டை என்னிடம் நீட்டினாள். "புள்ளை வரம் குடுத்துட்டான் சேர்." அப்போதுதான் அவள் மறுபடி அழுதாள்.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, இப்படியான வழக்குகளைக் கையில் எடுக்கிற ஒரு சட்டத்தரணி வேலையைத் தொடங்கினார். ராமையா எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது வெளியே வந்தது. உயிரோடு இருந்தார். ஆனால் பைச் சாமான் பிரச்சினை. அவை டியூட்டரிக்குச் சொந்தம் என்பதற்கு, பிடிபட்ட நாளுக்குப் பிந்தாத தேதியில் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று சட்டத்தரணி கேட்டார். காபன் பிரதி கடலில். புதிதாகக் கடிதம் எழுதச் சேர் மறுத்துவிட்டார். எழுதினாலும் தேதி பிந்தியது. ஒரே ஒரு தாள் மிச்சம். அது என் வீட்டு அலுமாரியில், கலியாணக் கோட்டின் உள் பைக்குள் இருந்தது. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துப் படிப்பார்கள், எரித்தால் புகையைப் பார்த்து வருவார்கள் என்று நினைத்த மூளை என்னுடையது.

"லெட்டரைக் குடுத்தேன்னு சொன்னீங்களே சேர்" என்றாள் பாக்கியம். "அவருகிட்ட லெட்டரே இல்லைன்னு அவங்க எழுதி வச்சிருக்காங்க."

"தேடிப் பாக்கிறன்" என்றேன்.

"பாருங்க சேர். எமன்கிட்ட அவ ஒரு பொய்யும் சொல்லலைங்க. அதனாலதான் அவனால தப்பிக்க முடியலை."

அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மேசை லாச்சிக்குள்ள கிடந்தது. மறந்துபோய்க் குடுக்காமல் விட்டிட்டன்."

அவள் வாங்கி விரித்தாள். சட்டைப் பையின் அளவுக்கு நான்காக மடித்த மடிப்பு. வியர்வையில் முத்திரை மை கரைந்து, நான்கு மடிப்பிலும் ஊதாப் பூவாகப் படிந்திருந்தது. மேசை லாச்சிக்கு வியர்க்காது. பாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரிங்க" என்றாள்.

ஏழு மாதம் கழித்து ராமையாவை விட்டார்கள். அந்த ஏழு மாதமும் நான் எப்படிப் படுத்தெழும்பினேன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பேரின்பம் சேரின் கொள்கையால்தான். காலையில் முகம் வழிக்கும்போது கண்ணாடிக்குச் சொல்வேன், இன்னொரு உலகத்தில் நீ "தன்னவா மாத்தயா" என்று சொல்லிக் கடிதத்தை எடுத்து நீட்டியிருக்கிறாய். அங்கே நீ வீரன். யாரும் போய்ப் பார்த்து இல்லையென்று சொல்ல ஏலாது. சோதிக்க முடியாத விஞ்ஞானத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோழைகளுக்கு அதைப்போல வாய்ப்பானது வேறொன்றும் கிடையாது. பாக்கியத்தின் கதை அவளை வெயிலில் உட்கார வைத்தது. என்னுடையது என்னை நல்லாய் நித்திரைகொள்ள வைத்தது.

ராமையா திரும்பி வந்த அன்று பேரின்பம் சேர் அவரைக் கட்டிப்பிடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். "பாத்தீரே பாக்கியம்? நான் அண்டைக்குச் சொன்னனான்தானே. இதுவும் ஒரு கிளைதான்."

பாக்கியம் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ராமையாவின் வலது மணிக்கட்டு தூக்காது. ஒரு காது கேட்காது. இரண்டு நாள் கழித்து ஆய்வுகூடத்தில் இடது கையால் கம்பி சுற்றிப் பழகிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும்தான். நான் கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் போனேன். ஒரு கம்பிச் சுருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவரே பேசினார், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க சேர். கூட யாரு வந்தான்னு. பேரைச் சொல்லு, விட்டுடுறோம்னு." மணிக்கட்டைக் கொஞ்சம் நீவினார். "தனியாத்தான் வந்தேன், லெட்டரை மறந்து வச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டேன்ங்க. நீங்க பயப்படாதீங்க."

அதற்கு நான் ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று இன்றைக்கு ஞாபகமில்லை. அவர் சிரித்தார்.

ஆகவே நிரோஷன், பிள்ளைகள் பேனையைக் கோயிலில் வைத்துக் கும்பிடட்டும். பெறுபேறு வந்ததும் அந்தப் பேனை எழுதியதா இல்லையா என்று அதுகளுக்கே தெரியும். கோடி உலகத்தைக் காட்டுகிறீர் என்றால், பலகையில் மூன்று நிரலைக் கீறிவிட்டுக் காட்டும். மூன்றாவதில் என்ன எழுதுவது என்று ஒரு பிள்ளை கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லும். பேரின்பம் சேர் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கும் தொண்டை போகவேண்டியிருந்தது.

என்னுடைய கொப்பியில் அந்தப் பக்கம் நிரப்பியாயிற்று. எதிர்பார்த்தது: தெரியும் என்று சொல்வேன். கண்டது: தன்னே நே. வழு: ராமையாவின் வலது மணிக்கட்டு, இடது காது.